மனக்காயம் பட்டவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர்கள், கவுன்சலர்கள், பள்ளி ஆசிரியர்கள், வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மருத்துவர் தரும் சிகிச்சைக்கு இது மாற்று ஆகாது. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு ஒருவர் தைரியமாக வந்து உட்காருவதற்கு, சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதம் பெரிய காரணம். அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

பெரிய துக்கம் எல்லாமே மனக்காயமா?

இல்லை. வேலை போவதும், வயதான அப்பா நோயில் படுத்து இறப்பதும் ஆளை உலுக்கிவிடும். ஆனாலும் நாள் போகப் போக மனம் பெரும்பாலும் தேறிவிடும். உயிருக்கோ உடம்புக்கோ மானத்துக்கோ ஆபத்து வந்து, தடுக்கவும் முடியாமல் தப்பவும் முடியாமல் ஒருவர் சிக்கிக்கொண்ட அனுபவம் உள்ளே ஆறாமல் தங்கிவிடுவதையே இங்கே மனக்காயம் என்கிறேன். விபத்து, தீ, வெள்ளம், பாலியல் வன்முறை, போர், சாதிக் கலவரத்தில் வீடு எரிந்தது, காவலில் அடி வாங்கியது, கணவனிடம் வருடக்கணக்கில் உதை வாங்கியது எல்லாம் இதில் அடங்கும். தனக்கே நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணெதிரே பார்த்தவருக்கும், தினமும் சடலம் தூக்குபவருக்கும் வரலாம்.

ஒரே நாளில் நடந்து முடிவது ஒரு வகை. சின்ன வயதில் ஆரம்பித்து வருடக்கணக்கில் நீண்டது இன்னொரு வகை. நீண்டகாலக் கொடுமைக்குப் பிறகு தன்மேலேயே வெறுப்பு, யாரையும் நம்ப முடியாமை, கோபத்தையும் அழுகையையும் அடக்க முடியாமை எல்லாம் சேர்ந்து வருவதுண்டு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாகவே குறிப்பிடுகிறது. பி.டி.எஸ்.டி. என்பது மனக்காயத்துக்குப் பின் ஆறாமல் நீடிக்கும் மனநோய்.

இப்படி ஒன்று நடந்தால் எல்லாருக்கும் மனநோய் வந்துவிடுமா?

வராது. உலகத்தில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிப்பட்ட சம்பவத்தைச் சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6 சதவீதம் பேருக்கே பி.டி.எஸ்.டி. வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் போரில் சிக்கியவர்களிடமும் இது கூடுதல். சம்பவத்துக்குப் பின் கூட ஆள் இருந்தார்களா, நம்பிச் சொல்ல முடிந்ததா, சொன்னபோது பழி போட்டார்களா என்பவையும் இதைத் தீர்மானிக்கின்றன. நடந்து முடிந்ததை மாற்ற நம்மால் முடியாது. பிறகு நடப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முக்கியமாக மூன்று விஷயங்களைப் பாருங்கள். நடந்தது திரும்ப நடப்பதுபோல் கனவிலோ விழிப்பிலோ வருவது. அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது. ஆபத்து இன்னும் பக்கத்திலேயே இருப்பதுபோல் எந்நேரமும் உஷாராக இருப்பது. குக்கர் விசில் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடும், பேருந்தில் கதவுப் பக்கம்தான் உட்காருவார்கள், முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் வேர்த்துவிடும். முதல் சில வாரங்கள் பலருக்கும் இப்படி இருக்கும், தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் வேலையையும் வீட்டையும் பாதித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் யாரும் வந்து “எனக்கு மனக்காயம்” என்று சொல்வதில்லை. நெஞ்சு படபடப்பு, தலைப்பாரம், கை கால் உளைச்சல், வயிற்றைப் பிசைகிறது, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறேன் என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் பல பத்தாண்டுகள் பணிபுரிந்த மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரைக் கடந்து வந்தவர்கள் உடம்பின் வழியாகவே துயரத்தைச் சொல்வதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். பெருமூச்சு அதில் ஒன்று. ஆகவே ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்ததும் “உங்களுக்கு ஒன்றும் இல்லை, போங்க” என்று அனுப்பிவிடாதீர்கள். வலி நிஜம். “இது எப்போதிருந்து இருக்கும்மா? அந்தச் சமயத்தில் வீட்டில் ஏதாவது நடந்ததா?” என்று ஒரு கேள்வி போதும். சொல்ல விரும்பினால் சொல்வார்கள். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்களே?

இந்தக் கேள்வி உண்டாக்கும் சேதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கொதிக்கும். போலீஸ் கேட்கிறது, வக்கீல் கேட்கிறார், அம்மாவே கேட்கிறார். கடைசியில் பாதிக்கப்பட்டவரும் தன்னைத்தானே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்.

ஆபத்து வந்தால் மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி யோசிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகம் எடுக்கிறது, உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. இரண்டுக்குமே வழியில்லை என்றால் சிலசமயம் உடம்பு அப்படியே விறைத்துவிடும். கை கால் அசையாது, குரல் வராது. விரும்பி எடுக்கும் முடிவு அல்ல இது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அவர்களில் 70 சதவீதம் பேர், சம்பவத்தின்போது உடம்பு குறிப்பிடத்தக்க அளவில் விறைத்துப் போனதாகச் சொன்னார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. அப்படி விறைத்துப் போனவர்களுக்கே பின்னர் பி.டி.எஸ்.டி.யும் மனச்சோர்வும் அதிகம் வந்திருந்தன.

ஞாபகமும் இதே மாதிரிதான். அந்த நெருக்கடியில் மூளை சம்பவத்தை வரிசையாகப் பதிவதில்லை. ஒரு வாசனை, சட்டையின் நிறம், ஒரு வார்த்தை என்று துண்டு துண்டாகத் தெளிவாக இருக்கும். மணி என்ன, முதலில் நடந்தது எது என்பது குழம்பிப்போயிருக்கும். நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார், அதனால் பொய் என்று முடிவுகட்டுவது தவறு. “நீ அன்றைக்கு என்ன செய்தாயோ அதனால்தான் உயிரோடு இருக்கிறாய். உன் மேல் எந்தத் தப்பும் இல்லை” என்று முதலில் கேட்கும் ஆள் சொல்லிவிட்டால், பல வருட வேதனையைத் தடுத்ததாகும்.

சம்பவம் நடந்த முதல் சில நாட்களில் என்ன செய்ய வேண்டும்?

பேச வைக்க வேண்டும், அழவைத்துக் கொட்டித் தீர்க்கவைக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து ஒவ்வொருவராக விவரமாகச் சொல்லவைக்கும் முறை முன்பு உலகம் முழுக்க இருந்தது. ஆய்ந்து பார்த்ததில் பி.டி.எஸ்.டி.யை அது தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அதற்குப் பதில் 2011-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது எளிமையானது: பார், கேள், இணை. ஆபத்து தீர்ந்துவிட்டதா, யாருக்கு உடனடி உதவி வேண்டும் என்று பார்ப்பது முதலில். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை மட்டும் கேட்பது, தோண்டாமல் இருப்பது. கடைசியாக, தேவையான மனிதர்களோடும் சேவைகளோடும் இணைத்துவிடுவது.

2004 டிசம்பர் 26 சுனாமியை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முகாமில் இருந்த தாய்க்கு முதலில் தேவைப்பட்டது பிள்ளை எந்த முகாமில், எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்ற தகவல். மாற்றுத் துணி, மறைவான குளியலறை, குடிதண்ணீர், தன் தெருக்காரர்களோடு ஒரே இடத்தில் தங்க வசதி இவையெல்லாமே அன்றைக்கு மனநல உதவிதான். அப்போது பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்றவை ஊர்மட்டப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தன. சரியான முடிவு அது. கடற்கரை ஊர் முழுவதற்கும் மனநல மருத்துவர்களை நிறுத்த எந்த நாட்டாலும் முடியாது.

இன்னொன்று. “தூங்கட்டும்” என்று அல்பிரஸோலம், டயஸெபம் மாதிரி மாத்திரைகளை வீட்டிலிருப்பவர்களே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் ஒரு மாதத்தில் மனக்காயத்தின் அறிகுறிகளைக் குறைக்க இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தூக்கமே இல்லாமல் தவித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

மனக்காயத்தை உணர்ந்த பராமரிப்பு என்றால் என்ன? அது ஒரு தனி சிகிச்சையா?

சிகிச்சை அல்ல, நடந்துகொள்ளும் முறை. மருத்துவமனை, பள்ளி, காவல் நிலையம், நீதிமன்றம், காப்பகம் என எந்த இடத்துக்கும் பொருந்தும். வருகிறவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் இப்படி ஒரு பின்னணி இருக்கலாம் என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டு, நம் இடமே இன்னொரு காயத்தை உண்டாக்காதபடி வேலைகளை அமைத்துக்கொள்வதுதான் இது. யாருக்கு என்ன நடந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

அமெரிக்க அரசின் மனநலச் சேவைத் துறை 2014-இல் இதற்கு ஆறு கொள்கைகளை வகுத்தது. பாதுகாப்பு, நம்பகம், அதே அனுபவம் உள்ளவர்களின் துணை, சேர்ந்து முடிவெடுத்தல், தேர்வு செய்யும் உரிமை, பண்பாடும் பாலினமும் சார்ந்த வேறுபாடுகளை மதித்தல் என்று அவற்றைச் சொல்லலாம். இவற்றில் என்னைக் கேட்டால் தேர்வு செய்யும் உரிமைக்கே முதலிடம் கொடுப்பேன். சம்பவத்தின்போது அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது அதுதான். அவர் வேண்டாம் என்றது செல்லுபடியாகவில்லை. அதனால் அவர் வேண்டாம் என்பது செல்லுபடியாகும் சின்னச் சின்ன சந்தர்ப்பங்களை நாம் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டுச் செய்வது, கேட்டுவிட்டுத் தொடுவது, போதும் என்றதும் நிறுத்துவது. மீதியெல்லாம் இதிலிருந்து வரும்.

அரசு மருத்துவமனையில் கூட்டம் அலைமோதுகிறது. இதற்கெல்லாம் நேரம் ஏது?

நியாயமான கேள்வி. ஒரு ஓ.பி.யில் காலையில் எத்தனை சீட்டு விழுகிறது என்று பார்த்தவர்கள் யாரும் இதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் சொல்வதில் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் நேரம் பிடிக்காது.

பிரஷர் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். பட்டையைச் சட்டென்று கையில் சுற்றி இறுக்கினால், கை கட்டப்பட்டு அடிவாங்கிய ஒரு பெண்ணுக்கு அந்த இறுக்கமே போதும், மூச்சு முட்டிவிடும். மேலே காட்டும் அளவு 170. அதைப் பார்த்து பிரஷர் மாத்திரை எழுதுகிறோம். மாறாக, “அம்மா, பிரஷர் பார்க்கணும். கை கொஞ்சம் இறுகும், அப்புறம் விட்டுடும். எந்தக் கையில கட்டட்டும்?” இதைச் சொல்ல சில நொடிதான் ஆகும். அந்த அம்மா வலது கையை நீட்டுகிறார். முடிவு அவருடையது.

அதேபோல, கூட்டத்தின் நடுவே பெயரோடு நோயையும் சேர்த்துக் கூப்பிடாதீர்கள். டோக்கன் நம்பர் போதும். பரிசோதனை அறையில் நோயாளியின் முதுகு கதவைப் பார்த்திருக்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். திரை இல்லையென்றால் ஒரு போர்வையாவது கட்டுங்கள். கட்டிலில் படுத்திருப்பவரின் தலைமாட்டுப் பக்கமிருந்து வந்து தொடாமல், முகம் தெரியும் பக்கம் வந்து பெயர் சொல்லிக்கொள்ளுங்கள். ஊசி போடும்போது பிடித்து அமுக்க வேண்டியிருந்தால் ஏன் என்று முன்பே சொல்லுங்கள். “எவ்வளவு நேரம் ஆகும்?” என்பதற்குத் தெரிந்த வரை உண்மையான பதில் சொல்லுங்கள். இரண்டு மணி நேரமாகும் என்பதைக்கூட அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். “இதோ வந்துடுவாங்க” என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் காக்கவைப்பதுதான் நம்பிக்கையைக் கெடுக்கும்.

பிரசவ அறையை இங்கே தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வலியில் கத்துகிற பெண்ணைத் திட்டுவதும் தொடையில் அடிப்பதும் இன்னும் முழுசாக நிற்கவில்லை. பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டால் பயம் குறைகிறது. அந்தத் துணையை வெளியே நிறுத்தாமல் இருப்பதும் இந்தப் பராமரிப்பில் ஒரு பகுதிதான்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் வந்தால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

சட்டமே நிறைய வழிசெய்து வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-வது பிரிவு அதைச் சொல்கிறது. முதலில் போலீசுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பக் கூடாது. காவல்துறைக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு மருத்துவமனையுடையது.

பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதத்தை ஒரே கையெழுத்தில் முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது என்ன செய்யப்போகிறோம், எதற்காக என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு பகுதிக்குச் சம்மதித்து இன்னொன்றுக்கு மறுக்க அவருக்கு உரிமை உண்டு. பரிசோதனைக்கு மறுத்தாலும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. காயத்துக்கு மருந்து, கர்ப்பத் தடுப்பு மாத்திரை, ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து இவற்றுக்கு நேரக் கெடு உண்டு. ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும்.

பெண்ணுறுப்பில் விரல்களை நுழைத்துப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இலேயே வேண்டாம் என்று வழிகாட்டியது. 2022 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம், இதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவராகக் கருதப்படுவார் என்று சொல்லி, மருத்துவப் பாடத்திட்டத்திலிருந்தும் நீக்கச் சொன்னது. இது தெரியாமல் யாராவது செய்ய முற்பட்டால் பக்கத்தில் நிற்கும் செவிலியர் தயங்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம், கதையை எத்தனை பேரிடம் சொல்லவைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கேசுவாலிட்டியில் ஒருவர், மகப்பேறு மருத்துவர், கவுன்சலர், இன்ஸ்பெக்டர், பிறகு மாஜிஸ்திரேட். முதலில் எழுதியவரின் குறிப்பை அடுத்தவர் படித்துவிட்டு, விடுபட்டதை மட்டும் கேட்டாலே பாதிச் சுமை குறையும்.

குழந்தைகள் விஷயத்தில் என்ன வித்தியாசம்?

குழந்தைகள் பெரும்பாலும் சொல்வதில்லை, நடந்து காட்டுவார்கள். படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி ஆரம்பிக்கும். நடந்ததையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடும். அம்மாவை விட்டு நகராது. பெரிய பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிவிடுவார்கள், சண்டை போடுவார்கள், கையைக் கிழித்துக்கொள்வார்கள். வகுப்பில் ஒருவன் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்து போனால் அடங்காப்பிடாரி என்று முத்திரை குத்துவதற்கு முன், அதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒருவேளை நீங்கள் ஸ்கேலை ஓங்கியிருக்கலாம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பலரும் தண்டனைச் சட்டமாக மட்டுமே பார்க்கிறார்கள். 2012-இல் வந்த அந்தச் சட்டத்துக்குள் குழந்தையைப் பதறவிடாமல் நடத்துவதற்கான விதிகள் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், அப்போது சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் அடிக்கடி இடைவேளை தர வேண்டும், திரும்பத் திரும்பக் கூண்டுக்கு அழைக்கக் கூடாது, சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ஏதாவது மீறப்பட்டால் பெற்றோர் கேட்கலாம், கேட்க வேண்டும்.

நீங்கள் ஆசிரியராக இருந்து ஒரு குழந்தை உங்களிடம் சொல்லிவிட்டால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். புகார் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். “நீ சொன்னது நல்லது. உன்னைப் பாதுகாக்க இதை இன்னாரிடம் சொல்லியே ஆகணும். உனக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன்” என்று சொன்னால் நம்பிக்கை உடையாது.

சின்ன வயதில் நடந்தது பெரியவர் ஆனபிறகும் உடம்பைப் பாதிக்குமா?

பாதிக்கும். அமெரிக்காவின் சான் டியேகோவில் 17,000-க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்த ஆய்வின் முதல் முடிவுகள் 1998-இல் வந்தன. அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, குடிகாரப் பெற்றோர் என்று சிறுவயதுக் கொடுமைகள் எத்தனை வகை கூடுகின்றனவோ அந்த அளவுக்கு மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி, இதய நோய் எல்லாமே பின்னாளில் அதிகரித்திருந்தன. இது தலையெழுத்து அல்ல. அக்கறையான ஒரே ஒரு பெரியவர், ஒரு பாட்டியோ வாத்தியாரோ, கூட இருந்தால்கூடப் பாதிப்பு குறைகிறது.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு எப்படித் துணையாக இருப்பது?

இறந்தார் என்று தெரிந்தால் அழுது, கருமாதி செய்து, ஊர் கூடி ஆறுதல் சொல்ல வழி இருக்கிறது. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத துயரம் ஆற இடமே இல்லை. இலங்கையின் வடக்கு கிழக்கில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இப்படித்தான் வாழ்கின்றன. 2009 மே மாதம் போர் முடிந்தபோது கண்ணெதிரே இராணுவத்திடம் ஒப்படைத்த கணவனையும் மகனையும் கேட்டு, 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பதில் தெரியாமலேயே இறந்துபோன பெற்றோர் பலர்.

இவர்களிடம் “விட்டுத் தள்ளுங்கோ, செத்துப்போனதா நினைச்சுக்கொள்ளுங்கோ” என்று சொல்வது பெரிய வன்முறை. அந்தியேட்டி (இறந்தவருக்கான சடங்கு) செய்வதா வேண்டாமா, பொட்டு வைப்பதா வேண்டாமா, மரணச் சான்றிதழ் வாங்குவதா என்பதெல்லாம் அவர்களுடைய முடிவு. மரணச் சான்றிதழ் வாங்க மனம் வராதவர்களுக்காக, ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றை இலங்கைச் சட்டம் 2016-இல் ஏற்படுத்தியது. உதவிக்குப் போகிறவர் அவர்களோடு சேர்ந்து படத்தைப் பார்க்கலாம், அவரைப் பற்றிப் பேசலாம், அவர் பெயரைச் சொல்லலாம். நம்பிக்கை வைக்கச் சொல்லவும் வேண்டாம், கைவிடச் சொல்லவும் வேண்டாம்.

கோயிலுக்குப் போவது, மந்திரிப்பது, திருநீறு போடுவது தடுக்க வேண்டியவையா?

அடி, சூடு, சங்கிலி, பட்டினி இல்லாதவரை தடுக்க மாட்டேன். பயந்த பிள்ளைக்குப் பாட்டி திருநீறு பூசிப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வதில் தொடுதலும் பாதுகாப்பும் இருக்கின்றன. தர்காவிலோ மாதா கோயிலிலோ ஒரு பெண் யாரும் கேள்வி கேட்காமல் அழுதுவிட்டு வர முடிகிறது. போரும் சுனாமியும் கண்ட வடகிழக்கு இலங்கைக் குழந்தைகள் 31 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்லவைக்கும் சிகிச்சையை ஒரு பிரிவுக்கும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் இன்னொரு பிரிவுக்கும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவிலும் பெரும்பாலான குழந்தைகள் தேறியிருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் உள்ளூர் ஆலோசகர்கள் என்பதையும் கவனியுங்கள். 2009-இல் வெளியான ஆய்வு அது.

மருத்துவத்தை நிறுத்தச் சொல்லும் சாமியாரிடம் மட்டும் விலகி இருங்கள்.

சிகிச்சை என்று போனால் என்ன செய்வார்கள்?

முதலில் பழகுவார்கள், பதற்றத்தை அடக்கும் வழிகளைக் கற்றுத்தருவார்கள். அதற்குப் பிறகே நடந்ததைத் தொடுவார்கள். மனக்காயத்துக்கென வடிவமைத்த சிந்தனை நடத்தைச் சிகிச்சை, கண் அசைவோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். என்ற முறை, இந்த இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரே சம்பவத்தால் வந்த பாதிப்புக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் ஆகும், நீண்டகாலக் கொடுமைக்குக் கூடுதலாக. செர்ட்ரலின், பராக்ஸெடின் போன்ற மாத்திரைகள் உதவும். வேலை செய்ய சில வாரங்கள் பிடிக்கும், போதை ஆகாது, தானாக நிறுத்தக் கூடாது. பி.டி.எஸ்.டி. குணமாகக்கூடியது என்பதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பலருக்கு அது தெரியாது.

என் முன்னாலேயே ஒருவர் நடுங்கி, மூச்சு வாங்கி, எங்கோ போய்விட்டதுபோல் வெறிக்கிறார். என்ன செய்வது?

பிடித்து உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், சுற்றிக் கூட்டம் சேரவிடாதீர்கள். அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். மெதுவாக உங்கள் பெயரைச் சொல்லி, இது எந்த இடம், இன்று என்ன கிழமை, இப்போது இங்கே ஆபத்து இல்லை என்று சொல்லுங்கள். இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றச் சொல்லுங்கள். அறையில் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லலாம். ஃபேன், ஜன்னல், தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்போது ஆள் இங்கே திரும்பி வருவார். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கச் சொல்லுங்கள். தெளிந்த பிறகு என்ன ஞாபகம் வந்தது என்று கேட்க வேண்டாம். “தண்ணி குடிக்கிறீங்களா? கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்கலாமா, வெளியே போகலாமா?” என்று கேளுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், வலிப்பு மாதிரி தெரிந்தால் இதை மனப்பதற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவ உதவிக்குப் போக வேண்டும்.

வீட்டில் இருக்கும் நாங்கள் எதைச் சொல்லாமல் இருக்க வேண்டும்?

“எல்லாம் நன்மைக்கே”, “உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க எத்தனையோ பேர்”, “இன்னுமா அதையே நினைச்சுட்டிருக்கே”, “வெளியே தெரிஞ்சா நம்ம மானம் போயிடும்”. இந்த நான்கையும் விட்டுவிட்டால் வீடு பாதி இளைப்பாறும். சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம் ஒழுங்காக இருக்கட்டும். பின்னாலிருந்து கட்டிப்பிடிக்காதீர்கள். சம்பவம் நடந்த தேதி நெருங்கும்போது எரிச்சலும் தூக்கமின்மையும் கூடும், முன்பே எதிர்பார்த்திருங்கள். 94 குழந்தைகளைப் பறிகொடுத்த கும்பகோணம் தீ விபத்து நடந்த ஜூலை 16-ஐ அந்தப் பெற்றோர் இன்னும் ஒவ்வொரு வருடமும் கூடி நினைக்கிறார்கள். மறக்கடிக்க முயல்வதைவிட அந்த நாளில் கூட இருப்பதே உதவும்.

இதையே நாள் முழுக்கக் கேட்கும் எங்களுக்கு என்ன ஆவது?

108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், பிணவறைப் பணியாளர்கள், செவிலியர்கள், கவுன்சலர்கள் எல்லாருக்கும் மற்றவர்கள் பட்ட காயம் ஒட்டிக்கொள்ளும். எரிந்து விழுவது, மரத்துப் போவது, வீட்டுப் பிள்ளைகளை வெளியே விடவே பயப்படுவது இதன் அடையாளங்கள். யோகா வகுப்பு ஒன்று நடத்திவிட்டு நிர்வாகம் கடமை முடிந்ததாக நினைக்கக் கூடாது. கடினமான கேஸுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் உட்கார ஓர் அறை, மூத்தவர் ஒருவரிடம் பேச வழி, தொடர்ந்து ஒருவரையே அதே பணியில் போடாத ட்யூட்டி பட்டியல், இவையே வேண்டும். ஊழியரைக் கத்தி மிரட்டும் மேலதிகாரி இருக்கிற இடத்தில் நோயாளியிடம் மட்டும் கனிவு வந்துவிடாது.

உதவிக்கு யாரை அழைப்பது?

இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டில் 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் கிடையாது. வன்முறைக்கு ஆளான பெண்கள் 181-ஐ அழைத்தால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். அங்கே தற்காலிகத் தங்கல், மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். குழந்தைகளுக்கு 1098. உடனடி ஆபத்து என்றால் 112. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

ஒருவரை அழைக்கச் சொல்லும்போது எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். “இப்போ இங்கிருந்தே பேசலாமா? நான் பக்கத்தில் இருக்கணுமா, வெளியே நிக்கணுமா?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.